உங்களுக்குத் தெரியுமா? கொல்லிமலை வளைவும் நாமக்கல் முட்டையும்

ஆங்கிலத்தில் டீயும் ‘ஹாட்’, மே மாதச் சேலமும் ‘ஹாட்’, மிளகாயும் ‘ஹாட்’. ரஷ்ய மொழியில் அந்தச் சலுகை கிடையாது. டீ என்றால் ‘கரியாச்சி’, நாள் என்றால் ‘ஜார்க்கி’, மிளகாய் என்றால் ‘ஓஸ்த்ரி’. நாமும் அப்படித்தானே? சூடு, வெயில், காரம். மூன்றையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை.

‘ஓஸ்த்ரி’க்கு நேர்ப்பொருள் கூர்மை. கத்திக்கும் அதுதான். திடீரென்று வந்து தீவிரமாகும் நோய்க்கும் அதே சொல். ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் நம்மூர்ப் பிள்ளைகள் இந்தச் சொல்லைச் சாப்பாட்டு மேசையிலும் கேட்பார்கள், வார்டிலும் கேட்பார்கள்.

கத்தி ‘ஷார்ப்’ என்றால் ஓஸ்த்ரி. சாலை வளைவு ‘ஷார்ப்’ என்றால்? அங்கே ‘க்ருத்தோய்’ வந்துவிடும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும்போது வரும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் க்ருத்தோய். அந்த மலையின் செங்குத்தும் க்ருத்தோய். வேடிக்கை என்னவென்றால், கெட்டியாக அவித்த முட்டைக்கும் ரஷ்யர்கள் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நாமக்கல் மாவட்டத்தின் மலையும் முட்டையும் ஒரே சொல்லில் அடக்கம்! இளவட்டங்கள் வாயில் இதற்கு ‘கெத்து’ என்றும் பொருள். (நம்மூர் ‘ஆஃப் பாயில்’ தண்ணீரையே பார்க்காமல் தோசைக்கல்லில் வேகிறது. அதை எந்த மொழியில் பெயர்ப்பது?)

போர்வெல் தண்ணீரை ஆங்கிலம் ‘ஹார்ட்’ என்கிறது, பரீட்சையையும் அப்படியே. ரஷ்யத்தில் தண்ணீர் ‘ஜோஸ்த்கி’, அதாவது விறைப்பானது, பரீட்சை ‘த்ரூத்னி’. நமக்கு அது உப்புத் தண்ணி, இது கஷ்டம்.

மேட்டூரிலிருந்து வரும் காவிரி ‘ஃப்ரெஷ் வாட்டர்’. நாம் சொல்வது நல்ல தண்ணி. ரஷ்யர் சொல்வது ‘ப்ரேஸ்னி’. உப்புப் போடாத சப்பென்ற சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான். புது ரொட்டிக்குரிய ‘ஸ்வேஜி’யைத் தண்ணீருக்குப் போட்டால், இப்போதுதான் பிடித்த தண்ணீர் என்று ஆகிவிடும்.

‘ப்ளூ’வுக்கும் இரண்டு சொல்: அடர்நீலம் ‘சீனி’ (சர்க்கரை அல்ல!), வெளிர்நீலம் ‘கலுபோய்’.

ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாத மொழிபெயர்ப்பும் உண்டு: திருக்குறளை யூரி கிளாசவும் ஆ. கிருஷ்ணமூர்த்தியும் தமிழிலிருந்தே ரஷ்யத்துக்குக் கொண்டுபோனார்கள். வெளியான ஆண்டு 1963.

ரஷ்யம் படிக்கிறீர்களா? ஆங்கில அகராதியைப் புரட்டுமுன், அந்தப் பொருளை வீட்டில் அம்மா எப்படிச் சொல்வார் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.