மைலேஜ் திரை சொல்லும் கணக்கு

இன்றைய கார்களில் வேகமானிக்கு அருகிலுள்ள சிறு திரையில் மைலேஜ் என்ற பெயரில் பெரும்பாலும் இரண்டு எண்கள் தோன்றுகின்றன. ஒன்று, கடைசியாகச் சுழியமாக்கப்பட்ட நேரத்திலிருந்து கார் ஓடிய தொலைவை அதுவரை செலவான எரிபொருளால் வகுத்துப் பெறப்படும் சராசரி மைலேஜ். மற்றொன்று, அந்தக் கணத்தில் எரிபொருள் எந்த விகிதத்தில் செலவாகிறது என்பதைக் காட்டும் உடனடி மைலேஜ். சராசரி எண் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத் தொகையைப் போன்றது. செலவு எவ்வளவு என்று அது சொல்லுமே தவிர, எந்தச் சுவிட்சைப் போட்டதால் செலவு ஏறியது என்று சொல்லாது. கார் வைத்திருப்போரில் பலர் இந்த எண்ணை மட்டுமே பார்த்து மகிழ்கின்றனர் அல்லது வருந்துகின்றனர். ஆனால் சிக்கனமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆற்றல், நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதால் பலரும் பொருட்படுத்தாமல் விடும் அந்த உடனடி எண்ணிடமே இருக்கிறது.

இவ்விரண்டு எண்களும் டேங்கில் மிதக்கும் மிதவையைக் கொண்டு கணக்கிடப்படுவன அல்ல. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர், அதாவது மின்னாணையால் திறந்து மூடும் நுண்ணிய தெளிப்பான், பொருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சில மில்லிவினாடிகள் மட்டுமே திறக்கும் அதன் வழியாக எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பது தயாரிப்பின்போதே வரையறுக்கப்பட்டுவிடுவதால், எஞ்சினை ஆளும் கணினி தான் இட்ட ஆணைகளின் கால அளவைக் கூட்டியே செலவான பெட்ரோலை அறிந்துகொள்கிறது. தொலைவோ சக்கரச் சுழற்சியிலிருந்து கிடைக்கிறது. ஆகவே திரையில் தெரிவது நேரடியாக அளந்த எண் அன்று, கணித்த எண். பல கார்களில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உண்மையான மைலேஜை அறிய விரும்புவோர், பெட்ரோல் பங்க்கில் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் அதே பம்பில் அதே முறையில் மீண்டும் நிரப்பி, ஓடிய தொலைவை இரண்டாம் முறை நிரப்பிய அளவால் வகுக்கும் பழைய ஃபுல் டேங்க் முறையையே நாட வேண்டும். ஆயினும் ஓட்டும் முறையை ஒப்பிட்டுப் பார்க்கத் திரையின் எண் போதுமானது. ஏனெனில் அதிலுள்ள பிழை நல்ல ஓட்டத்துக்கும் மோசமான ஓட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

உடனடி மைலேஜ் திரையில் காணும் விந்தைகளில் மிகவும் ஆழ்ந்து நோக்கத்தக்கது, கியரில் இருக்கும் கார் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டுச் சரிவில் இறங்கும்போது திரையில் தோன்றும் உச்ச எண். சில கார்களில் அது 99.9 ஆகவும், சிலவற்றில் 50 ஆகவும், சிலவற்றில் வெறும் கோடுகளாகவும் தெரியும். இதைக் கருவியின் கோளாறு என்று கருதுவோர் உண்டு. உண்மையில் அப்போது சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால், எஞ்சின் அணைந்துவிடாமல் காக்க எரிபொருள் தேவையில்லை என்று உணரும் கணினி இன்ஜெக்டர்களை முழுவதுமாக மூடிவிடுகிறது. தொலைவு கூடிக்கொண்டே போக, செலவாகும் பெட்ரோல் சுழியமாகிறது. சுழியத்தால் வகுக்க இயலாததால் திரை தன்னால் காட்டக்கூடிய உச்ச எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. வேகம் குறைந்து, எஞ்சின் சுழற்சி வெற்று ஓட்ட அளவை நெருங்கும்போது இன்ஜெக்டர்கள் மீண்டும் திறக்கின்றன; அதே கணத்தில் எண் சட்டென்று கீழே விழுவதைக் கூர்ந்து பார்ப்பவர் காணலாம்.

இந்த ஓர் உண்மை, மலைப்பாதையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் நம்பிக்கையைத் தகர்க்கிறது. நியூட்ரலில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுவதால், எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோலை எரித்தாக வேண்டும். சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்று இவ்வாறு மணிக்கு ஏறத்தாழ 0.6 முதல் 0.8 லிட்டர்வரை செலவழிக்கும். அரை மணி நேரம் நியூட்ரலில் இறங்கும் கார் 300 முதல் 400 மில்லிலிட்டர் பெட்ரோலைக் குடிக்க, கியரில் இறங்கும் கார் அந்த நேரத்தின் பெரும்பகுதியில் ஒரு துளியும் குடிப்பதில்லை. காற்றின் உறிஞ்சலால் பெட்ரோலை இழுத்துக் கலந்த கார்ப்யுரேட்டர் காலத்தில் அந்த நம்பிக்கைக்கு ஓரளவு அடிப்படை இருந்தது; 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் புதிய கார்களிலிருந்து கார்ப்யுரேட்டர் மறைந்தது, நம்பிக்கை மட்டும் மறையவில்லை. மிக மெல்லிய சரிவில் எஞ்சினின் இழுவை காரைத் தளர்த்திவிடும் என்பதால் அங்கே கணக்கு சற்று மாறலாம். ஆனால் அந்தச் சில துளிகளுக்காக உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கல்லட்டி மலைப்பாதை போன்ற செங்குத்தான சாலையில், தாழ்ந்த கியர் தரும் எஞ்சின் பிடிப்பை இழந்த வாகனத்தின் முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது. இடைவிடாமல் அழுத்தப்பட்டுச் சூடேறிய பிரேக் தன் பிடிமானத்தை இழக்கிறது. சிக்கனமும் பாதுகாப்பும் இங்கே ஒரே கியரில்தான் இருக்கின்றன.

சமவெளிக்கும் இதே பாடம் பொருந்தும். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 139 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலிலுள்ள சுமார் 32 மெகாஜூல் ஆற்றலில் கால் பங்கே சக்கரத்தை வந்தடைகிறது என்று கொண்டால், அந்த வேகத்தை எட்ட 17 மில்லிலிட்டர் பெட்ரோல் எரிந்திருக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகமென்றால் 31 மில்லிலிட்டர். சிவப்பு விளக்கை நோக்கி விரைந்து சென்று கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பவர், அவ்வளவு பெட்ரோலையும் பிரேக் தகட்டின் வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கிறார். தொலைவிலேயே சிக்னலைக் கண்டு கியரை மாற்றாமல் காலை மட்டும் எடுப்பவருக்கோ, அதே ஆற்றல் மீதித் தொலைவைச் செலவின்றிக் கடக்க உதவுகிறது. ஆகவே திரையின் உச்ச எண் உண்மையில் அளப்பது ஓட்டுநரின் முன்னோக்கையே.

ஏனையவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், 80இலிருந்து 100க்கு வேகத்தை உயர்த்தும்போது அது 56 விழுக்காடு கூடுகிறது. காற்றுக் குறைந்த டயரும், பயணம் முடிந்த பின்னும் கழற்றப்படாத கூரைக் கேரியரும் ஓசையின்றிப் பெட்ரோலைத் தின்பவை. 1978இல் அமைக்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆய்வுச் சங்கம், சிக்னலில் எஞ்சினை அணைப்பது தொடங்கி இவற்றைப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்திருக்கிறது.

வருந்தத்தக்கது, இவ்வளவு தெளிவாகப் பேசும் கருவி ஒன்று கண்ணெதிரே இருந்தும் அதைப் படிக்கக் கற்பிப்பார் இல்லை என்பதே. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் கிளட்சை விடவும் ரிவர்ஸ் எடுக்கவும் கற்றுத்தருவதோடு நின்றுவிடுகின்றன; காருடன் வரும் கையேடு திரையை மாற்றும் பொத்தானைக் காட்டுகிறதே தவிர, எண்ணின் பொருளை விளக்குவது அரிது. வாங்குவோரும் புனேயிலுள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனங்களில் உருளைகளின்மேல் காரை ஓட்டிப் பெற்ற எண்ணைக் காரின் பிறவிக்குணம் என்று நம்பி, அது கிடைக்காதபோது காரைக் குறைகூறுகின்றனர். தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், வீணாகும் பெட்ரோல் ஒருவருடைய பணம் மட்டும் அன்று. உடனடி மைலேஜைப் படிப்பதைப் பயிற்சிப் பள்ளிகள் முதல் வாரத்திலேயே பாடமாக்கினால், அதற்கென ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. கருவி ஏற்கெனவே பல கார்களில் பொருத்தப்பட்டிருக்கிறது.