முதல் பிரசவத்தில் கண்டம். இரண்டாவது பிள்ளைக்கு என்ன வழி?

வில்லியனூர், பாகூர் கிராமத்துப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

"ஒத்தப் புள்ளையோட நிறுத்திட்டியாம்மா?"

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஒரு பிள்ளை பெற்ற பெண் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கல்யாண வீட்டில் கேட்பார்கள். வளைகாப்பில் கேட்பார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதும் கேட்பார்கள். கேட்பவர்களுக்கு அது சும்மா ஒரு பேச்சு. கேட்கப்பட்டவளுக்கு அது நெஞ்சில் குத்திய முள்!

நிறுத்தியது அவள் அல்ல. முதல் பிரசவத்தில் ரத்தம் கொட்டி, ஆம்புலன்சில் ஏற்றி, "தாயா பிள்ளையா" என்ற நிலைக்குப் போய், பிழைத்து வந்தவளாக இருப்பாள். மூன்று வருஷம், நாலு வருஷம் ஆகியும் மறுபடி கரு தங்கியிருக்காது.

முதல் பிள்ளை பிறந்துவிட்டதால் "இவளுக்கு ஒரு குறையும் இல்லை" என்று வீட்டில் நினைக்கிறார்கள். கோகிலாம்பிகைக்கும் லூர்து மாதாவுக்கும் வேண்டுதல் நடக்கிறது. டாக்டரிடம் போவது மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது.

ஒரு பிள்ளை பெற்ற பிறகு கரு தங்காமல் போவதற்கு டாக்டர்கள் 'இரண்டாம் நிலைக் குழந்தையின்மை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது அபூர்வமான நோய் அல்ல. இதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் முதல் பிரசவத்தில் கண்டம் வந்த பெண் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும். கரு ஏன் தங்கவில்லை என்பது ஒன்று. தங்கினால் உடம்பு தாங்குமா என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே சிகிச்சைக்குப் போவதுதான் ஆபத்து!

ஏன் தங்கவில்லை?

காரணம் பல நேரங்களில் முதல் பிரசவத்திலேயே ஒளிந்திருக்கும்.

நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வராமல் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தால், உள்சுவரில் தழும்பு விழுந்து ஒட்டிக்கொள்ளலாம். மாதவிலக்கு குறைந்துவிடும். சிலருக்கு நின்றே போகும்.

பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ரத்தம் கிடைக்காமல் கெடலாம். அந்தத் தாய்க்குப் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்பாது. எப்போதும் அசதி. "பிரசவத்துக்கு அப்புறம் அவ உடம்பு தேறவே இல்ல" என்று ஊர் சொல்லும். இதுவும் ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய நோய்தான். மருந்தும் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின் ஜுரம் வந்து கிருமி ஏறியிருந்தால் கருக்குழாய் அடைத்துக்கொள்ளும். நம் நாட்டில் காசநோயும் கருக்குழாயை அடைக்கும் முக்கியக் காரணம். இருமல் இல்லாமலே இது வரும்.

வயதும் ஒரு காரணம். 25 வயதில் முதல் பிள்ளை பெற்றவள் 36 வயதில் இரண்டாவதுக்கு முயன்றால், சினைமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் குறைந்திருக்கும்.

புருஷனை மறந்துவிடக்கூடாது. "எனக்குத்தான் ஒண்ணு பொறந்திருக்கே" என்று அவர் தப்பிக்க முடியாது. சர்க்கரை நோய், குடி, புகையிலை, வயது எல்லாம் இடையில் வந்து சேர்ந்திருக்கும். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, கத்தி இல்லை, அதிகச் செலவும் இல்லை. மனைவிக்கு ஆபரேஷன் பேசுவதற்கு முன்னால் கணவனுக்கு இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

பழைய சீட்டு பத்திரம்!

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அது பரணுக்குப் போகிறது. மழையில் நனைகிறது. கிழிந்து போகிறது.

இரண்டாவது பிள்ளை வேண்டும் என்றால் முதலில் தேட வேண்டியது இந்தச் சீட்டைத்தான். ரத்த அழுத்தம் எவ்வளவு ஏறியது, வலிப்பு வந்ததா, எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், சிசேரியன் ஏன் செய்தார்கள், கர்ப்பப்பையில் எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால், அடுத்த கர்ப்பத்தில் தையல் பிரியும் ஆபத்து அதிகம். வயிற்றின் மேல் தெரியும் தழும்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சீட்டுதான் சொல்லும்.

தாய்க்கு நெகடிவ் ரத்தம், பிள்ளைக்குப் பாசிடிவ் ரத்தம் என்றால், பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட வேண்டும். அது போடப்பட்டதா? அதுவும் சீட்டில் இருக்கும். போடாமல் விட்டிருந்தால் அடுத்த கரு பாதிக்கப்படலாம்.

சீட்டு தொலைந்துவிட்டதா? பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் பெயர், தேதி சொல்லி நகல் கேட்கலாம்.

எத்தனை நாள் பொறுப்பது?

ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு 2 வருஷமாவது இடைவெளி வேண்டும், கரு கலைந்திருந்தால் 6 மாதமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2005-ல் பரிந்துரைத்தது.

35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 35 தாண்டியவர்கள் 6 மாதத்திலேயே பார்க்க வேண்டும். முதல் பிரசவத்தில் கண்டம் வந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கிடையாது. முயற்சியைத் தொடங்கும் முன்பே அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும்.

எங்கே போவது?

எடுத்த எடுப்பில் பெரிய போர்டு வைத்த தனியார் சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் நலவழித்துறையின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க அங்கிருந்தே தொடங்கலாம். கரு உருவாகும் முன்பே போலிக் அமில மாத்திரை சாப்பிடத் தொடங்குவது நல்லது.

அடுத்தது எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. அதற்கு மேல் கோரிமேடு ஜிப்மர். முதல் பிரசவத்தில் வந்த சிக்கலையும் குழந்தையின்மையையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டர்கள் அங்கே கிடைப்பார்கள்.

சிகிச்சை படிப்படியாகத்தான் போகும். முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பிறகு சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்துக் கருக்குழாய் அடைப்பைப் பார்ப்பார்கள். கர்ப்பப்பைக்குள் தழும்பு ஒட்டியிருந்தால் சின்ன டெலஸ்கோப் விட்டு வெட்டி எடுப்பார்கள். முட்டை வளர மாத்திரை தருவார்கள். அதற்கடுத்து விந்தைச் சுத்தம் செய்து கர்ப்பப்பைக்குள் செலுத்துவார்கள். இவ்வளவுக்கும் பலன் இல்லை என்றால்தான் சோதனைக் குழாய் முறை. ஆனால் இரண்டு குழாயும் அடைத்தவர்களுக்கும், வயது ஏறியவர்களுக்கும் நேராக அந்த முறையைச் சொல்வது உண்டு.

நகையை அடகு வைத்துவிட்டு, காணியை விற்றுவிட்டு வருபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சோதனைக் குழாய் முறை ஒரே தடவையில் பலித்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. "நூற்றுக்கு நூறு கேரண்டி" என்பவரிடம் ஜாக்கிரதை!

ரெயில்வே தொழிலாளி வீட்டில் பிறந்த அதிசயம்

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த வீட்டிலும் இதே கதை நடந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் பிரவுன் ஒரு ரெயில்வே தொழிலாளி. மனைவி லெஸ்லி. கருக்குழாய் அடைப்பால் 9 வருஷம் பிள்ளை இல்லை. டாக்டர் ஸ்டெப்டோவும் விஞ்ஞானி எட்வர்ட்சும் புது முறையைச் செய்து பார்த்தார்கள். கரு தங்கியது. ஆனால் கடைசி வாரங்களில் லெஸ்லிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. 1978 ஜூலை 25-ந் தேதி ஓல்டாம் ஆஸ்பத்திரியில் சிசேரியன் செய்து லூயிசை வெளியே எடுத்தார்கள்.

லெஸ்லி அத்தோடு நிறுத்தவில்லை. அதே முறையில் மறுபடி சிகிச்சை பெற்றார். 1982-ல் இரண்டாவது மகள் நடாலி பிறந்தாள். 1999-ல் நடாலி எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தானே ஒரு குழந்தைக்குத் தாயானார். சோதனைக் குழாயில் உருவானவர்களில் தாயான முதல் பெண் அவர்தான். எட்வர்ட்சுக்கு 2010-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் 1978 அக்டோபர் 3-ந் தேதி கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இந்த முறையில் ஒரு பெண் குழந்தையைப் பிறக்க வைத்தார். அவர் சொன்னதை அரசு நம்பவில்லை. மனம் உடைந்த அவர் 1981-ல் தற்கொலை செய்துகொண்டார். அவர் சாதித்தது உண்மைதான் என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்கள். தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990-ல் சென்னையில் பிறந்தது. அந்தச் சிகிச்சையைச் செய்தவர் டாக்டர் கமலா செல்வராஜ்.

ஒன்று போதும்

சோதனைக் குழாய் முறையில் கர்ப்பமானவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதும், நஞ்சுக்கொடி கீழே இறங்கி நிற்பதும் சற்று அதிகம். முதல் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியவளுக்கு அது மறுபடி வரவும் கூடும். ஆகையால் இரட்டைக் கரு இவர்களுக்கு நல்லதல்ல. ஒரே செலவில் ரெண்டு புள்ள கிடைக்கும் என்று ஆசைப்பட்டால் தாயின் உயிரோடு விளையாடுவதாக ஆகும். "ஒரு கரு மட்டும் வையுங்க டாக்டர்" என்று தம்பதிகளே கேட்கலாம்.

முன்பு ரத்த அழுத்தம் வந்தவர்களுக்கு, கர்ப்பத்தின் 12-வது வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது உண்டு. டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிட வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்கள், நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி இருந்தால் ரத்த வங்கி உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். கிராமத்தில் இருப்பவர்கள் வண்டிக்கும் ரத்தம் கொடுப்பவருக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

கருத்தரிப்புச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-ல் நிறைவேறி, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற மையங்கள் மட்டுமே இந்தச் சிகிச்சை செய்யலாம். மனைவி 21 வயதுக்கு மேல் 50-க்குள், கணவன் 21-க்கு மேல் 55-க்குள் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை இருக்கிறது என்பதற்காக இந்தச் சிகிச்சைக்குத் தடை இல்லை.

வாடகைத் தாய் விஷயம் வேறு. ஒரு பிள்ளை உயிரோடு இருந்தால் வாடகைத் தாய் முறைக்கு அனுமதி இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஊனமோ, மன வளர்ச்சிக் குறைபாடோ, உயிருக்கு ஆபத்தான நோயோ இருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

"ரெண்டாவது ஆம்பளப் புள்ளையா வேணும்" என்று யாராவது கேட்டால், அதற்கு ஏற்பாடு செய்வதாக யாராவது சொன்னால், இரண்டுமே குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

'வேண்டாம்' என்றால்?

எல்லாச் சோதனையும் முடிந்தபின், "அடுத்த கர்ப்பம் உங்கள் உயிருக்கு ஆபத்து" என்று டாக்டர் சொல்லவும் கூடும். இருதயம், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இப்படிச் சொல்வது உண்டு. அந்த நேரத்தில் மாமியாரும் புருஷனும் அவள் பக்கம் நிற்க வேண்டும். ஒரு பிள்ளை இருப்பவர்கள் இன்னொரு குழந்தையைத் தத்து எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதுவும் இல்லாமல் ஒரு பிள்ளையோடு நிறைவாக இருப்பதிலும் குறைச்சல் ஒன்றும் இல்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஒன்றரைப் பிள்ளைதான்!

இரண்டாவது பிள்ளைக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. முதல் பிள்ளைக்கு அம்மா வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறந்துவிடக்கூடாது.