உப்பளத்து வேலைக்கும் பணிக்கொடை உண்டு

மரக்காணம் உப்பளத்துல உப்பு வாருறவங்க, சுமக்குறவங்க, அவங்க வீட்டுப் பிள்ளைங்க, உங்களுக்காகத்தான் இந்தக் காணொளி. படிச்ச பிள்ளைங்க அம்மா அப்பா பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டுங்க.

2025 நவம்பர் 21 அன்னிக்கு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துச்சு. பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடைன்னு ஒன்பது பழைய சட்டங்கள் இதுக்குள்ள வந்துடுச்சு. டிவியில பேசுறதெல்லாம் மாசச் சம்பளக்காரங்களைப் பத்தித்தான். உப்பளத்துக்கு இதுல என்ன இருக்குன்னு யாரும் சொல்லல. நான் சொல்றேன்.

கிராஜுவிட்டின்னு சொல்ற பணிக்கொடை. வருஷம் பூரா நடக்குற வேலைன்னா வருஷத்துக்கு 15 நாள் கூலி. சீசன் வேலைன்னா ஒரு சீசனுக்கு 7 நாள் கூலி. இது 1972 சட்டத்துலயே இருந்தது. புதுச் சட்டத்துலயும் இருக்கு. பத்துப் பேருக்குக் குறையாம வேலை செய்யுற இடமா இருக்கணும். அளம் ஓடுற நாள்ல முக்கால்வாசி நாளாவது நீங்க வேலைக்குப் போயிருக்கணும். இப்படி அஞ்சு வருஷம் தொடர்ந்து இருக்கணும். ஒரு கணக்குக்கு, தினக்கூலி 500 ரூபாய்னு வெச்சுக்குவோம். பத்து சீசன் உழைச்சவங்களுக்கு 35,000 ரூபாய் வரணும். இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்குற காசு இல்லைங்க, உங்க உழைப்புக்கு வர வேண்டிய பாக்கி.

அப்புறம் ஏன் கைக்கு வரல? பேரு ஏட்டுல இல்ல. மேஸ்திரி கூப்பிட்டாரு, போனோம், சாயங்காலம் கூலி வாங்கினோம், அதோட முடிஞ்சுது. வேலை செஞ்சதுக்கு அத்தாட்சி எங்க? அதே நாள்ல நடைமுறைக்கு வந்த இன்னொரு தொகுப்பு, வேலைக்குச் சேர்க்குறவங்களுக்கு நியமனக் கடிதம் கொடுக்கணும்னு சொல்லுது. அதைக் கேளுங்க. தனியா கேக்கத் தயக்கமா இருந்தா நாலு பேரா, சங்கத்தோட போய்க் கேளுங்க. என்னைக் கேட்டா, இந்தச் சட்டங்கள்ல நமக்கு முக்கியமானதே அந்தக் காகிதம்தான்.

அடுத்தது நாமே சேர்க்குற காசு. அடல் ஓய்வூதியத் திட்டத்துல 18லேருந்து 40 வயசு வரைக்கும் சேரலாம். 60 வயசுல மாசம் 5,000 ரூபாய் வேணும்னா, 18 வயசுல சேர்றவங்க மாசம் 210 கட்டணும்; 30 வயசுல 577; 40 வயசுல 1,454. அவ்வளவு முடியலைன்னா 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் சேரலாம். ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில பாத்தி முழுக்கத் தண்ணி நிக்கும்போது மாசாமாசம் எங்கிருந்து கட்டுறது? அரசு கொடுக்குற 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அரிசிக்கும் பருப்புக்குமே சரியாப் போயிடும். அதனால ஆறு மாசத்துக்கு ஒருதடவை கட்டுற முறையைக் கேட்டு வாங்குங்க. பிப்ரவரியும் ஆகஸ்டும் கூலி வர்ற மாசம். அந்த மாசத்துல பணம் எடுக்குற மாதிரி அமையுமான்னு சேரும்போதே வங்கியில கேட்டுடுங்க.

நாற்பது தாண்டினவங்க உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு இருக்கா, புதுப்பிச்சிருக்கான்னு பாருங்க. 60 வயசுக்கு அப்புறம் மாசம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்கு அந்தப் பதிவுதான் வழி. ஆதார்ல பிறந்த தேதி தப்பா இருந்தா மொதல்ல அதைத் திருத்துங்க. வயசை வெச்சுத்தான் எல்லாக் கதவும் திறக்கும், மூடும்.

இந்த சீசன் முடியுறதுக்குள்ள உங்க பேரு ஏட்டுல ஏறணும். நாளைக்கு வேலைக்குப் போறப்பவே கேளுங்க.