கீர் வனமும் டையூக் கடலும்

மும்பையிலோ தில்லியிலோ வாழும் நாம், சொந்த ஊருக்குச் செல்லாத ஆண்டிலே குடும்பத்துடன் சென்றுவரத் தக்க இடங்களுள் குஜராத் ஒன்று. நகரம், காடு, கடல் மூன்றையும் ஒரே பயணத்தில் கண்டு திரும்பலாம்.

ஆயினும் திட்டத்தைக் காட்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஆசியச் சிங்கங்கள் வாழும் கீர் வனம் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடப்பட்டிருக்கும். திறந்திருக்கும் நாட்களிலும் குறிப்பிட்ட அளவு வண்டிகளுக்கே அனுமதி உண்டு; தீபாவளி விடுமுறையில் அது எளிதிற் கிட்டுவதில்லை. ரயிலுக்கும் விடுதிக்கும் பணம் கட்டிய பின்னர் அனுமதியை நாடி ஏமாற்றமடைவோர் பலர். வனத்துறையின் இணையதளத்தில் நாளை உறுதி செய்துகொண்டு, மற்றவற்றை அதன் முன்னும் பின்னும் பொருத்துவதே முறை. பதிவின்போது காட்டிய அடையாள அட்டையையும் மறவாது கொண்டுசெல்ல வேண்டும்.

ஆமதாபாத்தின் பழைய நகரம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் சந்துகளுக்கும் சபர்மதி ஆசிரமத்திற்கும் இரண்டு நாள் போதும். அங்கிருந்து கீரின் வாயிலான சாசன் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அன்று வேறெதையும் வைத்துக்கொள்ளலாகாது. முதியோர் உடன்வந்தால் சொல்லவே வேண்டுவதில்லை.

2025 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குஜராத்தில் 891 சிங்கங்கள் உள்ளன. எனினும் நாம் செல்லும் சில மணி நேரத்தில் ஒன்றேனும் தென்படும் என்பதற்கு உறுதியில்லை. குழந்தைகள் மனம் வாடாதிருக்க, அருகே தேவளியாவில் வேலியிட்ட வனப்பகுதியையும் பார்த்துவிடலாம்.

கடலை இறுதியில் வைப்பது நன்று. டையூவில் போர்ச்சுகீசியர் 1535-இல் கட்டத் தொடங்கிய கோட்டையும், குதிரை லாடம்போல் வளைந்த நாகோவா கடற்கரையும் உண்டு. பிள்ளைகள் மணலில் ஆட, பெரியோர் ஓய்வு கொள்ளலாம். தீபாவளியில் அங்கும் கூட்டம் மிகுதியாதலால், அறையை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.