பேருக்குக் கீழே 'கல்வியாளர்'னு போட்டா போதுமா?

ஆலங்குளத்துல சிவகாசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது டீக்கடை டிவியைக் கவனிச்சிருப்பீங்க. பாடத்திட்டம், நுழைவுத்தேர்வு, ஃபீஸ்னு நாலு பேர் காரசாரமா பேசுவாங்க. ஒருத்தர் பேருக்குக் கீழே 'கல்வியாளர்'னு எழுத்து ஓடும். நாமளும் டீயை உறிஞ்சிக்கிட்டே தலையாட்டுவோம். ஆனா பாஸ், அவர் பாடம் நடத்தின பேராசிரியரா, முன்னாள் துணைவேந்தரா, இல்ல ஸ்கூல் நடத்துற முதலாளியா? டிவியில எல்லாருக்கும் ஒரே பட்டம்தான்!

இதுல என்ன இருக்குன்னு கேட்டா, 2011-க்குப் போகணும். நீங்க அப்போ யூகேஜியோ ஒண்ணாப்போ. பத்தாவது படிச்ச அண்ணன், அக்காவைக் கேட்டுப் பாருங்க. ஸ்கூல் திறந்தாச்சு, புத்தகம் மட்டும் வரல!

ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல்னு அதுவரை நாலு வகைப் பாடத்திட்டம். பாரதிதாசன் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் முத்துக்குமரன் தலைமையிலான குழு 2007-ல அறிக்கை கொடுத்தது. 2010-ல சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, 1, 6-ம் வகுப்புகள்ல ஆரம்பிச்சாங்க. மத்த வகுப்புகளுக்கு 2011 ஜூன்ல தொடங்கணும். அதுக்குள்ள ஆட்சி மாற, புது அரசு சட்டத்தைத் திருத்தித் தள்ளிப்போட்டது. கேஸ் டெல்லி வரை போச்சு. நிபுணர் குழு போட்டு ஆராயுங்கன்னு சொன்னது உச்ச நீதிமன்றம்.

அப்ப அமைஞ்ச 9 பேர் குழுவுல தனியார் பள்ளிகளை நடத்துறவங்களும் இருந்தாங்க. 'பொதுப் பாடத்திட்டம் வேண்டாம்னு சொல்ற பக்கத்து ஆளுங்களே நிபுணரா?'ன்னு கிளம்புச்சு சண்டை. நியாயமான கேள்விதான். ஜூலை 18-ல சென்னை உயர் நீதிமன்றம் சட்டத் திருத்தத்தை ரத்து பண்ணுச்சு. ஆகஸ்ட் 9-ல உச்ச நீதிமன்றம், 10 நாள்ல அமல்படுத்தணும்னு உத்தரவு போட்டது. ரெண்டு மாசம் காலி!

தீப்பெட்டி ஆபீஸும் ஃபயர் ஆபீஸும் கூப்பிடு தூரத்துல இருக்கற நம்ம பக்கத்துல, ரெண்டு மாசம் சின்ன விஷயமில்ல. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்குல 1996-ல வந்த தீர்ப்பு, ஆபத்தான வேலையில சின்னப் பசங்களை வெச்சா ஒரு குழந்தைக்கு ரூ.20,000 கட்டணும்னு சொன்னது. ஆபத்தில்லாத வேலைன்னா? தினம் 2 மணி நேரம் படிக்க வெச்சா போதுமாம்!

இந்த 'ஆபத்தான, ஆபத்தில்லாத' கணக்கே தப்புன்னு வாதாடினவர் ஹைதராபாத் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியர் சாந்தா சின்ஹா. ஸ்கூலுக்கு வெளியே இருக்கற ஒவ்வொரு குழந்தையும் தொழிலாளிதான்கிறது அவர் கட்சி. சும்மா ஏசி ரூம்ல உட்கார்ந்து சொன்னதில்ல. ரங்காரெட்டி மாவட்ட கிராமங்கள்ல கொத்தடிமைப் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிவந்த அனுபவம் அது. 2007-ல தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தோட முதல் தலைவரானார்.

நம்ம ஊர் உதாரணம் வேணுமா? வே.வசந்தி தேவி. 1992 முதல் 1998 வரை நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தர். (அவங்க எல்லையில இருந்தது தென்காசிப் பக்கத்து ஆலங்குளம், நம்மளது இல்ல!) பதவி முடிஞ்ச பிறகும் பொதுப்பள்ளிகளுக்காக எழுதிக்கிட்டும் பேசிக்கிட்டும் இருந்தவங்க, 2025 ஆகஸ்ட்ல காலமானாங்க. எழுத்தாளர் சுந்தர ராமசாமி அவங்களோட நடத்தின உரையாடல் 'தமிழகத்தில் கல்வி'ங்கற புத்தகமா வந்திருக்கு. டிவி விவாதம் மாதிரி நடுவுல விளம்பர இடைவேளை கிடையாது. காலேஜ் லைப்ரரியில கேட்டுப் பாருங்க... இல்லைன்னா, வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்க!