விண்வெளியில் ஒரு சாவிக் கடிகாரம்

நிலாவிலிருந்து பூமிக்கு வரும் வழியில், வழிகாட்டும் கணினியையே அணைத்து வைக்க வேண்டி வந்தால் எப்படி ஊர் சேர்வது? 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் போன ஜிம் லோவெல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹெய்ஸ் மூவருக்கும் இந்த நிலைமை வந்தது.

பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் அவர்கள் கலத்தின் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. அந்தக் கலத்தில் மின்சாரம் தயாரிப்பதற்கும் ஆக்சிஜன்தான் வேண்டும். ஆகவே மின்சாரமும் போயிற்று. நிலாவில் இறங்குவதற்காக உடன் கொண்டுபோன சின்னக் கலத்துக்குள் மூவரும் புகுந்துகொண்டார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் தங்குவதற்கான பேட்டரியில் மூன்று பேர் நான்கு நாளை ஓட்ட வேண்டும்! ஹீட்டரை அணைத்தார்கள், கணினியையும் அணைத்தார்கள். உள்ளே குளிர் நடுக்கியது.

இதற்கிடையே பாதை சற்று விலகிவிட்டது. பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழையும் கோணம் கச்சிதமாக இருக்க வேண்டும். செங்குத்தாகப் பாய்ந்தால் கலம் தாங்காது. மிகவும் சாய்வாக வந்தால் காற்றை உரசிவிட்டு மறுபடி விண்வெளிக்கே போய்விடும். என்ஜினை 14 விநாடி இயக்கினால் போதும் என்று பூமியிலிருந்து கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

சரி, கலம் எந்தத் திசை நோக்கி நிற்கிறது? நட்சத்திரத்தைப் பார்த்துச் சொல்லலாமென்றால், வெடிப்பில் சிதறிய துணுக்குகளும் நட்சத்திரம் போலவே மினுங்கின. ஆனால் ஜன்னலில் பூமி தெரிந்தது. அதில் பகலும் இரவும் பிரிகிற கோடு தெளிவாக இருந்தது. குறிபார்க்கும் கண்ணாடியின் குறுக்குக் கோட்டை அதோடு பொருத்தினார்கள். லோவெலும் ஹெய்ஸும் கலத்தை ஆடாமல் பிடித்துக்கொள்ள, ஸ்விகர்ட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

அது சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம். திருகும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது விரியும் விசையில்தான் முட்கள் நகர்கின்றன. வில் ஒரேயடியாக விரிந்துவிடாதபடி ஒரு குட்டிச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடி, பற்சக்கரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே நகர விடுகிறது. விநாடிக்கு 5 ஆட்டம்! காதில் வைத்தால் கேட்கும் ‘டிக் டிக்’ அதிலிருந்துதான் வருகிறது.

சுவரில் மாட்டும் ஊசல் கடிகாரத்தை அங்கே கொண்டுபோயிருந்தால் உதவியிருக்காது. ஊசலைக் கீழே இழுத்து ஆட்டுவது பூமியின் ஈர்ப்பு. மிதந்துபோகும் கலத்துக்குள் ஊசல் ஆடாது. கைக்கடிகாரத்தின் சக்கரத்தைத் திருப்பி இழுப்பதோ முடி போன்ற இன்னொரு மெல்லிய வில். அதற்கு ஈர்ப்பும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கண்ணை மூடிக்கொண்டு 14 விநாடி எண்ணிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், ஸ்விகர்ட்டின் வேலை எவ்வளவு நுட்பமானது என்று புரியும்.

ஏப்ரல் 17 அன்று பசிபிக் கடலில், காத்திருந்த மீட்புக் கப்பலிலிருந்து 7 கிலோமீட்டருக்குள் மூவரும் பத்திரமாக இறங்கினார்கள்.