மஞ்சக் கடுதாசி கொடுத்தால் கடன் தொலையுமா?
கந்துவட்டிக்கு ஒரு வழி, கோர்ட்டில் வேறு வழி

திருச்செந்தூர்.

"அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டாம்ல!"

கடைத்தெருவில் இந்த ஒரு சொல் போதும். ஆளின் மானம் கப்பல் ஏறிவிடும். அதற்குப் பயந்தே பலர் கோர்ட் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கந்த சஷ்டி, வைகாசி விசாகம் வந்தால் சரக்குப் போடப் பணம் வேண்டும். கடனை வாங்கியாச்சு. வியாபாரம் படுத்துவிட்டது. வட்டி மட்டும் படுக்கவில்லை. என்ன செய்வது?

2017 அக்டோபர் 23-ந் தேதியை நெல்லை மறக்காது. கந்துவட்டிக் கொடுமை என்று மனு மேல் மனு கொடுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் ஆக நாலு உயிர், நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே தீக்கு இரையானது.

இத்தனைக்கும் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்கும் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. வசூலித்தால் 3 வருடம் வரை ஜெயில், ரூ.30 ஆயிரம் வரை அபராதம். அதைவிட முக்கியம், அரசு நிர்ணயித்த வட்டியோடு பாக்கிப் பணத்தைக் கோர்ட்டில் கட்டி, "கடன் தீர்ந்தது" என்று பதியச் சொல்லி மனுப் போடலாம். வட்டிக்காரர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம்.

கட்டப் பணமே இல்லை, பத்துப் பேரிடம் கடன் என்றால்?

அதற்குத்தான் மஞ்சக் கடுதாசி. 1920-ம் வருடத்து மாகாண திவால் சட்டப்படி போடும் மனு அது. வக்கீல்கள் ஐ.பி. என்பார்கள். கடன் ரூ.500 இருந்தாலே போடலாம். அந்தக் காலத்துத் தொகை, அப்படியே கிடக்கிறது! யாருக்கு எவ்வளவு பாக்கி, என்ன சொத்து என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மனுக் கொடுத்த மறுநாளே தொல்லை நின்றுவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். "இன்சால்வென்ட்" என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் வழக்குப் போட முடியாது. சொத்து ரிசீவர் கைக்குப் போகும். அடுப்புப் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, தாலி இவற்றில் யாரும் கை வைக்க முடியாது. அடமானம் வாங்கியவர் உரிமை மட்டும் அப்படியே இருக்கும்.

கொஞ்சம் வருமானம் உள்ளவருக்கு நடுவழியும் உண்டு. "ரூபாய்க்கு இத்தனை பைசா தருகிறேன்" என்று கோர்ட் மூலம் சமரசம் பேசலாம். கடன் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், தொகையில் முக்கால் பங்குக்காரரும் சம்மதித்து, கோர்ட்டும் ஏற்றால் எல்லாரையும் கட்டுப்படுத்தும். வியாபாரிக்கு இதுவே மேல் என்று தோன்றுகிறது. கடையும் தப்பும்.

கில்லாடி வேலை பலிக்காது. வீட்டை மச்சினன் பேருக்கு எழுதிவிட்டு மனுப் போட்டால்? இரண்டு வருடத்துக்குள் எழுதிய தானப் பத்திரத்தைக் கோர்ட் செல்லாது என்று ரத்து செய்யலாம். சொத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில்.

இன்னொரு கோட்டை விடுகிற இடம்: இன்சால்வென்ட் ஆனதோடு கதை முடியாது. கோர்ட் சொன்ன கெடுவுக்குள் "டிஸ்சார்ஜ்" கேட்டு மறுபடியும் மனுப் போட வேண்டும். போடாவிட்டால் உத்தரவே ரத்தாகி, கடன் பழையபடி கழுத்தில் ஏறும். டிஸ்சார்ஜ் கிடைத்தாலும் ஜாமீன் போட்டவர் தப்ப மாட்டார். பாவம், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஏழைகளின் சின்னக் கடனை அடியோடு தள்ள 2016 திவால் சட்டத்தில் வழி எழுதியிருக்கிறார்கள். வருட வருமானம் ரூ.60 ஆயிரம், கடன் ரூ.35 ஆயிரம் தாண்டக் கூடாது, சொந்த வீடு கூடாது. ஆனால் அந்தப் பகுதி சாதாரண ஜனங்களுக்கு இன்னும் அமலுக்கு வரவில்லை. புத்தகத்திலேயே தூங்குகிறது.

"கட்டாட்டா ஜெயில்தான்" என்று மிரட்டுகிறார்களா? கையில் பணமே இல்லாதவனை, கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

வக்கீல் பீசுக்கும் வழியில்லாதவர்கள் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுத்தால் இலவச வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது.